பூட்டும் நகலும்: லேப்டாப் குறியாக்கம், பேக்கப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது லேப்டாப் வாங்கியவர்களும் பழையதைத் தொலைத்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. டிஸ்க்கில் இருப்பதைச் சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி கலைத்துவைக்கும் குறியாக்கத்தைப் (என்கிரிப்ஷன்) பற்றி ஒருவர் கேட்பார், பேக்கப்பைப் பற்றி இன்னொருவர் கேட்பார். இரண்டையும் தனித்தனி வேலையாக நினைத்து ஒருமுறை நானே மாட்டிக்கொண்டேன். அதனால் இங்கே சேர்த்தே எழுதியிருக்கிறேன். மாட்டிக்கொண்ட கதை நடுவில் வருகிறது.

லேப்டாப்பைத் திறக்கக் கடவுச்சொல் வைத்திருக்கிறேனே, அது போதாதா?

போதாது. அது விண்டோஸுக்குள் நுழைவதற்கான கடவுச்சொல். டிஸ்க்கில் எழுதியிருக்கும் தகவலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குறியாக்கம் செய்யாத லேப்டாப்பின் அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றி, விரல் நீளமே இருக்கும் எஸ்எஸ்டி என்ற டிஸ்க்கை உருவி, யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டு வேறொரு கணினியில் செருகினால், உங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் பென்டிரைவில் இருப்பதுபோல வரிசையாக வந்து நிற்கும். கடவுச்சொல் என்ற பேச்சே வராது. லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவிலிருந்து லேப்டாப்பைத் தொடங்கினால் பெரும்பாலும் திருகுகூடக் கழற்ற வேண்டாம்.

2006 மே மாதம் அமெரிக்காவில், முன்னாள் படைவீரர் நலத் துறை ஊழியர் ஒருவரின் வீட்டிலிருந்து லேப்டாப்பும் கூடவே ஒரு ஹார்ட் டிஸ்க்கும் திருடுபோயின. சுமார் 2 கோடியே 65 லட்சம் பேரின் விவரங்கள் அதில் குறியாக்கம் இல்லாமல் கிடந்தன. சில வாரங்களில் பொருள் திரும்பக் கிடைத்தது, தகவலை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை என்றும் சொன்னார்கள். ஆனாலும் வழக்கு நடந்து, 2009-ல் 2 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டுதான் அதை முடிக்க முடிந்தது. டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்தால் ஒரு சாதாரணத் திருட்டுப் புகாரோடு போயிருக்கும்.

குறியாக்கம் செய்தால் உள்ளே என்னதான் நடக்கிறது?

டிஸ்க்கில் எழுதும் ஒவ்வொரு துண்டையும் ஒரு ரகசிய எண்ணைக் கொண்டு கலைத்து எழுதுகிறது. படிக்கும்போது அதே எண்ணைக் கொண்டு சீராக்கித் தருகிறது. கலைக்கும் முறை பெரும்பாலும் ஏஇஎஸ். பெல்ஜியத்தைச் சேர்ந்த யோஆன் டாமன், வின்சென்ட் ரெய்மன் இருவரும் வடிவமைத்தது. 2001-ல் அமெரிக்க அரசு அதைத் தரமாக அறிவித்தது. முறை ஊருக்கே தெரியும், சாவி மட்டும்தான் ரகசியம்.

ஒரு விஷயத்தை இங்கேயே புரிந்துகொண்டால் மீதிக் கேள்விகள் பாதி தீர்ந்துவிடும். டிஸ்க்கைப் பூட்டுவது உங்கள் கடவுச்சொல் அல்ல. மென்பொருள் தானே ஒரு முதன்மைச் சாவியை உருவாக்கி அதைக் கொண்டு பூட்டுகிறது. உங்கள் கடவுச்சொல், அந்தச் சாவியை வைத்திருக்கும் சின்னப் பெட்டியை மட்டும் பூட்டுகிறது. அதனால்தான் ஒரு டெராபைட் டிஸ்க்காக இருந்தாலும் கடவுச்சொல்லை மாற்ற ஒன்றிரண்டு நொடி போதும். ஒரே சாவிக்கு இரண்டு மூன்று பெட்டிகள் வைப்பதும் இதனால்தான் முடிகிறது. ஒரு பெட்டி கடவுச்சொல்லால் திறக்கும், இன்னொன்று அவசரத்துக்கென்று தரப்படும் மீட்புச் சாவியால் திறக்கும். பெட்டிகள் எல்லாமே நொறுங்கிவிட்டால்? கடவுச்சொல் நன்றாக நினைவிருந்தும் பயனில்லை.

முதலில் பேக்கப்பா, குறியாக்கமா?

பேக்கப். இதில் விவாதமே வேண்டாம். ஏற்கெனவே ஃபைல்கள் நிறைந்த டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும்போது மொத்தத்தையும் படித்துத் திருப்பி எழுதுகிறது. தள்ளாடிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க் அன்றைக்குத்தான் படுத்துவிடும். ஒரு நகல் எடுத்து, அதிலிருந்து நாலைந்து ஃபைல்களைத் திறந்து பார்த்து, சார்ஜரை மாட்டிவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள்.

விண்டோஸில் இது எங்கே இருக்கிறது? ஹோம் பதிப்பில் கிடைக்குமா?

புரோ பதிப்பில் பிட்லாக்கர் என்ற குறியாக்க வசதி முழுமையாக இருக்கிறது. ஹோம் பதிப்பில் 'சாதனக் குறியாக்கம்' என்ற பெயரில் அதன் சுருக்க வடிவம், அதுவும் வன்பொருள் ஒத்துழைத்தால். அமைப்புகளுக்குள் போய், தனியுரிமையும் பாதுகாப்பும் என்ற பகுதியில் தேடுங்கள். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவர்களுக்கு, கேட்காமலே இது இயங்கியிருக்கும். 'நான் எதையும் ஆன் செய்யவில்லையே' என்று சொல்பவர்களின் லேப்டாப்பும் பல நேரம் பூட்டித்தான் இருக்கிறது. ஒருநாள் நீலத் திரையில் 48 இலக்கச் சாவியைக் கேட்கும்போதுதான் அவர்களுக்கே தெரியவரும்.

இதற்கு நேரெதிரான ஒன்றும் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் லேப்டாப்பிலேயே உருவாக்கிய கணக்கில் நுழைந்தால், டிஸ்க் குறியாக்கம் ஆகியிருக்கும், ஆனால் சாவியும் திறந்தபடி அங்கேயே இருக்கும். அதாவது பூட்டு தொங்குகிறது, சாவியும் பூட்டிலேயே தொங்குகிறது. பிட்லாக்கர் நிலையைக் காட்டும் கட்டளையை ஓட்டினால் 'நூறு சதவீதம் குறியாக்கம்' என்று ஒரு வரியும், அதற்குக் கீழே 'பாதுகாப்பு ஆஃப்' என்று இன்னொரு வரியும் வரும். மேல் வரியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள்.

இன்னொரு சந்தேகம்: பிட்லாக்கர் போட்ட பிறகும் லேப்டாப் தொடங்கும்போது புதிதாக எந்தக் கடவுச்சொல்லும் கேட்காது. மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற சில்லு, தொடக்க நிலையில் யாரும் கைவைக்கவில்லை என்று பார்த்துவிட்டுத் தானே சாவியை விடுவித்துவிடும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டால் அங்கே அந்தச் சில்லு இல்லாததால் திறக்காது. கூடுதல் உறுதி வேண்டுமென்றால் புரோ பதிப்பில் தொடக்கத்திலேயே ஒரு பின் எண் கேட்கும்படி வைக்கலாம்.

மேக்?

மேக்கிலேயே இருக்கும் ஃபைல்வால்ட் என்ற குறியாக்க வசதியை ஆன் செய்யுங்கள், முடிந்தது. ஆப்பிள் சிலிக்கான் சில்லோ டி2 சில்லோ உள்ள மேக்குகளில் சேமிப்பு எப்போதுமே குறியாக்கத்தில்தான் இருக்கிறது. ஃபைல்வால்ட் அந்தச் சாவியை உங்கள் கடவுச்சொல்லோடு முடிச்சுப் போடுகிறது, அவ்வளவுதான். அதனால் நேரமே ஆகாது. மீட்புச் சாவி தருவதாகக் கேட்டால் வாங்கி எழுதிவையுங்கள்.

லினக்ஸ்?

நிறுவும்போதே 'டிஸ்க்கைக் குறியாக்கம் செய்' என்ற பெட்டியில் டிக் அடிப்பதுதான் சுலபம். லக்ஸ் என்ற முறை அது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை லக்ஸுக்கு மாற்றவும் வழியுண்டு. ஆனால் ஃபைல்களை நகலெடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே மேல் என்பது என் கருத்து. மாற்றப்போய் நடுவில் மின்சாரம் நின்ற ஒருவருக்கு உட்கார்ந்து உதவியிருக்கிறேன், ஒரு வார இறுதி போயிற்று.

மேலே சொன்ன 'சாவிப் பெட்டி' லக்ஸில் கண்ணெதிரே இருக்கும். டிஸ்க்கின் தொடக்கத்தில் தலைப்பகுதி என்று ஓர் இடம். லக்ஸ் 2-ல் வழக்கமாக 16 எம்பி. சாவிப் பெட்டிகள் அதற்குள்தான். தவறான டிஸ்க்கை ஃபார்மேட் செய்யப்போய் அந்த 16 எம்பி மட்டும் அழிந்தாலும் மீதி முழுவதும் குப்பை. தலைப்பகுதியை நகலெடுக்கத் தனிக் கட்டளையே உண்டு. எடுத்து வெளியே வையுங்கள். ஒரு விஷயம்: பழைய தலைப்பகுதி நகலைப் பழைய கடவுச்சொல்லே திறக்கும். கடவுச்சொல் கசிந்து அதனால் மாற்றினீர்கள் என்றால் அந்த நகலையும் அழித்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும்.

லேப்டாப் மெதுவாகிவிடுமா?

அன்றாட வேலையில் தெரியாது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த செயலிகள் பெரும்பாலானவற்றில் ஏஇஎஸ் கணக்கைப் போடத் தனிக் கட்டளைகளே உண்டு. அதற்கும் பழைய கணினியில் சற்றுத் தெரியலாம்.

மீட்புச் சாவியை எங்கே வைப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பிட்லாக்கரின் மீட்புச் சாவி 48 இலக்கம், ஆறாறாக எட்டுத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும் எண். அதனால்தான் ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தால் அந்தத் தொகுதியிலேயே பிழை என்று சொல்லிவிடுகிறது. லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் பயாஸ் என்ற மென்பொருளைப் புதுப்பித்தாலோ, மதர்போர்டை மாற்றினாலோ, டிபிஎம் சில்லுக்குச் சந்தேகம் வந்தாலோ இதைக் கேட்கும். பயாஸ் புதுப்பிக்கும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தால் இந்தத் தொல்லை வராது.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாவி சேமிக்கப்பட்டிருக்கலாம். கணக்குக்குள் போய் உண்மையிலேயே இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அந்தக் கணக்கில் நுழைய எது வேண்டும் என்றும் யோசியுங்கள். சரிபார்ப்பு எண் வேறொரு மின்னஞ்சலுக்கு வரும், அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் அதே லேப்டாப்பின் பிரவுசரில் மட்டும் சேமித்திருக்கும். அப்போது சாவி இருந்தும் இல்லாத கதைதான்.

சரி, என் கதை. மேசையில் இருந்த தண்ணீர் டம்ளர் சாய்ந்தது. லேப்டாப் ஒருமுறை சிமிட்டிவிட்டு அணைந்தது, அப்புறம் எழவே இல்லை. நான் பதறவில்லை. முந்தின வாரம் எடுத்த பேக்கப், குறியாக்கம் செய்த வெளி டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. டிஸ்க்கை மனைவியின் லேப்டாப்பில் செருகினேன். கடவுச்சொல் கேட்டது. 24 எழுத்து, கடவுச்சொல் மேலாளர் மென்பொருள் உருவாக்கிக் கொடுத்தது, ஒருமுறைகூட நான் கையால் அடித்ததில்லை. அந்த மேலாளரின் ஃபைல் எங்கே? ஒன்று நனைந்த லேப்டாப்பில். இன்னொன்று, ஒழுங்காகப் பேக்கப் எடுத்ததால், அதே டிஸ்க்குக்குள். பீரோவைப் பூட்டிச் சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

இழுப்பறையில் திரை கீறல் விழுந்த பழைய போன் ஒன்று கிடந்தது. அதில் எப்போதோ அந்த ஃபைலை நகலெடுத்த நினைவு. சார்ஜரில் போட்டேன். இருபது நிமிடம் கறுப்புத் திரை, அப்புறம் ஒரு சிவப்பு பேட்டரி படம். ஏழு மாதம் பழைய ஃபைல் இருந்தது. டிஸ்க்கின் கடவுச்சொல் அதற்கும் முன்னால் வைத்ததாக இருந்ததால் பிழைத்தேன். திறமை ஒன்றுமில்லை, போனைத் தூக்கிப் போடாத சோம்பேறித்தனம்.

பெரிய நிறுவனங்களும் இதே பள்ளத்தில் விழுந்திருக்கின்றன. 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. சரிசெய்ய ஒரு ஃபைலை அழித்தால் போதும். ஆனால் பிட்லாக்கர் போட்ட கணினிகளில் அந்த ஃபைலை நெருங்கவே பல இடங்களில் மீட்புச் சாவியை அடிக்க வேண்டியிருந்தது. சாவிப் பட்டியல் இருந்த சர்வரும் அதே நீலத் திரையில் நின்ற அலுவலகங்கள் இருந்தன.

ஆகவே காகிதம். சாவியை அச்சிட்டோ கையால் எழுதியோ இரண்டு பிரதி. ஒன்று வீட்டில், லேப்டாப் பையில் அல்லாமல் வேறு இடத்தில். இன்னொன்று நம்பகமான ஒருவரின் வீட்டில். எந்தக் கணினியின் சாவி என்பதையும் சாவி அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகளையும் கூட எழுதுங்கள். மீட்புத் திரை அந்த அடையாள எண்ணைக் காட்டித்தான் சாவியைக் கேட்கும். மூன்று லேப்டாப் உள்ள வீட்டில் எது எதற்கு என்று தடுமாற வேண்டாம்.

காகிதத்தில் எழுதுவது ஆபத்தில்லையா?

லேப்டாப்பைத் திருடுபவனுக்கு உங்கள் பீரோவின் மேல்தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இணையத்தின் வழியாக வருபவனால் காகிதத்தைத் தொடவே முடியாது. உங்கள் வீட்டுக்குள்ளேயே யாரையாவது நம்ப முடியாத நிலை என்றால் மட்டும் இந்த யோசனை செல்லாது. அப்போது காகிதம் வெளியே நம்பகமானவரிடம் இருக்கட்டும்.

எப்படிப்பட்ட கடவுச்சொல் வைப்பது? தமிழில் வைக்கலாமா?

1995-ல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் ஒரு முறையைத் தந்தார். 7,776 சொற்கள் கொண்ட பட்டியல். ஆறு பக்கப் பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல். இப்படி ஆறு சொல் எடுத்தால் சாத்தியக் கூறுகள் ஏறத்தாழ 22 போட்டு அதன் பின்னால் 22 சுழியம். 'குடை நரி ஏணி தவளை பஞ்சு மேளம்' என்பதுபோல ஒன்று வரும். பார்த்தால் கிறுக்குத்தனம், ஆனால் இரண்டு நாளில் மனதில் நின்றுவிடும். சொற்களை நீங்களாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது, உருட்டித்தான் எடுக்க வேண்டும். மனிதர்கள் தேர்ந்தெடுத்தால் குழந்தை பெயரும் பாட்டு வரியும்தான் வரும்.

தமிழ்ச் சொற்கள் தாராளமாக. ஆனால் லேப்டாப் தொடங்கும் திரையில் தமிழ் விசைப்பலகை பெரும்பாலும் கிடைக்காது, ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். அங்கே ஒரு பொறி. ழகரத்தை நீங்கள் இன்று ஒரு மாதிரி அடிப்பீர்கள், ஆறு மாதம் கழித்து வேறு மாதிரி. நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பதா வேண்டாமா என்பதும் அப்படித்தான். எழுத்துக் கூட்டலில் குழப்பம் தராத சொற்களாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அடித்த வடிவத்தையே காகிதத்தில் எழுதுங்கள்.

டிஸ்க் குறியாக்கத்தில் இருக்கிறது. அதிலிருந்து எடுத்த பேக்கப்பும் குறியாக்கத்தில்தானே இருக்கும்?

இல்லை. பலரும் இப்படி நினைக்கிறார்கள். நீங்கள் லேப்டாப்பைத் திறந்து வேலை செய்யும்போது ஃபைல்கள் சீரான வடிவில்தான் மென்பொருளுக்குக் கிடைக்கின்றன. வெளி டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டால் அந்தச் சீரான வடிவம்தான் போய் விழும். லேப்டாப்புக்கு இரும்புக் கதவு, அதே சாமானின் நகல் திண்ணையில். வெளி டிஸ்க்கைத் தனியாகப் பூட்ட வேண்டும்.

மேக்கில் டைம் மெஷின் என்ற பேக்கப் வசதிக்கு டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும்போதே குறியாக்கம் என்ற தேர்வு வருகிறது. விண்டோஸ் புரோவில் வெளி டிஸ்க்குக்கும் பிட்லாக்கர் போடலாம். ஹோம் பதிப்பில் அப்படிப் பூட்டிய டிஸ்க்கைத் திறக்கலாம், புதிதாகப் பூட்ட முடியாது. ஹோம்காரர்களுக்கு வெராக்ரிப்ட் என்ற குறியாக்க மென்பொருள் சரியான வழி. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

வெராக்ரிப்ட்டில் ஒரு கண்ணி மட்டும் உண்டு. டிஸ்க் முழுவதையும் பூட்டிவிட்டால் விண்டோஸுக்கு அதில் ஒன்றுமே இல்லாததுபோலத் தெரியும். செருகியதும் 'பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று பணிவாகக் கேட்கும். கேன்சல் அழுத்துங்கள். வீட்டில் வேறு யாராவது நல்ல மனசோடு சரி என்று அழுத்திவிட்டால் போயிற்று. டிஸ்க்கின் மேலேயே 'ஃபார்மேட் செய்யாதே' என்று ஒட்டிவைத்திருக்கிறேன். முழு டிஸ்க்கையும் பூட்டாமல், டிஸ்க்குக்குள் ஒரு பெரிய பெட்டி ஃபைலை உருவாக்கி அதற்குள் வைத்தால் இந்த வம்பே இல்லை.

தானே குறியாக்கம் செய்வதாக விற்கும் டிஸ்க்குகளை நம்பலாமா?

2018-ல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சந்தையில் பரவலாக இருந்த சில எஸ்எஸ்டிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். சிலவற்றில் கடவுச்சொல்லுக்கும் சாவிக்கும் தொடர்பே இல்லை, கடவுச்சொல் தெரியாமலே திறக்க முடிந்தது. அப்போது பிட்லாக்கர், டிஸ்க் 'நானே பார்த்துக்கொள்கிறேன்' என்றால் வேலையை அதனிடமே விட்டுவிடும் வழக்கம் இருந்தது. பின்னர் மைக்ரோசாஃப்ட் அதை மாற்றியது. நான் மென்பொருள் குறியாக்கத்தையே போடுகிறேன்.

எல்லாம் மேகச் சேமிப்பில் ஒத்திசைவாகிறதே, அது பேக்கப் இல்லையா?

ஒத்திசைவு கண்ணாடி மாதிரி. இங்கே ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழியும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் வந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டால் கலைந்ததே மேலே ஏறும். பழைய பதிப்புகளைச் சில நாள் வைத்திருக்கும் சேவைகள் உண்டு, அந்த நாள் எத்தனை என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு முன் தெரியாமல் அழித்ததை இன்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. எஸ்எஸ்டி வந்த பிறகு, அழித்ததை லேப்டாப்பிலிருந்தே மீட்கும் பழைய வித்தையும் அநேகமாகப் பலிப்பதில்லை. அழித்த இடத்தை விண்டோஸ் உடனே டிஸ்க்குக்குச் சொல்லிவிடுகிறது, டிஸ்க் துடைத்துவிடுகிறது.

எத்தனை நகல் வேண்டும்?

3-2-1 என்பார்கள். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய கணக்கு. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். லேப்டாப்பில் இருப்பதும் ஒரு பிரதி என்றுதான் எண்ண வேண்டும்.

கடைசி ஒன்றைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்துபோனது. பேக்கப் எடுத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலர் அப்போதும் எல்லாவற்றையும் இழந்தார்கள். பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தது. லேப்டாப்பும் வெளி டிஸ்க்கும் ஒரே பையில் போகும் உங்கள் வழக்கமும் இதுதான்.

வெளி டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்கலாமா? பேக்கப் தானாக ஓடுமே.

ஓடும். ரான்சம்வேர் வந்தால் அதுவும் ஓடி அந்த டிஸ்க்கையும் கலைத்துவிடும். டிஸ்க் குறியாக்கம் இதைத் தடுக்காது. நீங்கள் திறந்துவைத்த டிஸ்க் வைரஸுக்கும் திறந்த டிஸ்க்தான்.

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற வைரஸ் தாக்கியபோது கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கின் கணினிகள் உலகெங்கும் விழுந்தன. பயனர் கணக்குகளைக் கட்டியாளும் சர்வர்கள் ஒன்றுக்கொன்று நகலாக இருந்தன, அதனால் எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தன. தப்பியது கானாவில் இருந்த ஒன்று மட்டும். தாக்குதல் நேரத்தில் அங்கே மின்வெட்டு. நீங்கள் மின்வெட்டை நம்ப வேண்டாம், டிஸ்க்கை வெளியே பிடுங்கி வைத்தால் போதும். இரண்டு டிஸ்க் வைத்து வாரம் ஒன்றாக மாற்றினால் இன்னும் நல்லது.

இணையத்தில் பேக்கப் வைத்தால், சேவை நடத்துபவர் பார்க்க மாட்டாரா?

ஃபைல் உங்கள் லேப்டாப்பை விட்டுக் கிளம்பும் முன்பே பூட்டப்பட வேண்டும். ரெஸ்டிக், போர்க் என்ற, கட்டளை அடித்து இயக்கும் பேக்கப் மென்பொருள்கள் இரண்டும் இப்படிச் செய்பவை. மாறிய பகுதியை மட்டும் அனுப்பும், பழைய நாட்களின் நிலையையும் வைத்திருக்கும். கட்டளை வரி பிடிக்காதவர்கள் மேகச் சேமிப்பு ஃபோல்டருக்குள் கிரிப்டோமேட்டர் பெட்டி ஒன்றை வைக்கலாம். அதுவும் ஒத்திசைவுதான் என்பது நினைவிருக்கட்டும்.

போர்க்கில் சாவியை எங்கே வைப்பது என்று இரண்டு முறை உண்டு. ஒன்றில் சாவி பேக்கப்போடு சேர்ந்தே இருக்கும், கடவுச்சொல் மட்டும் நினைவிருந்தால் போதும். 'கீஃபைல்' என்ற இன்னொரு முறையில் சாவி லேப்டாப்பில் இருக்கும். லேப்டாப் போனால் கடவுச்சொல் நினைவிருந்தும் பேக்கப் திறக்காது. அந்த முறையை எடுத்தவர்கள் சாவியை ஏற்றுமதி செய்து காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். என் தண்ணீர் டம்ளர் கதையின் இன்னொரு வடிவம்தான் இது.

முதல் ஏற்றத்துக்குப் பொறுமை வேண்டும். 500 ஜிபியை விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஏற்றினால் இடைவிடாமல் 4 நாள் 15 மணி நேரம். இறக்கும் வேகத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், ஏற்றும் வேகம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

பேக்கப் சரியாகத்தான் ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திருப்பி எடுத்துப் பார்த்துத்தான். பச்சை நிற டிக் எதையும் நிரூபிக்காது.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப்புக்கும் நகலெடுப்புக்கும் ஐந்து ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள். ஒன்றுகூட எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை. அன்றாட பேக்கப் பதிப்புப் பொருந்தாமையால் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்த நகல்தான் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே மறைக்காமல் வெளியிட்டார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் செய்வது: டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகுவேன். கடவுச்சொல்லைக் காகிதத்தைப் பார்த்து அடிப்பேன், நினைவிலிருந்து அல்ல. பழைய புகைப்படம் ஒன்று, போன வாரத்து ஆவணம் ஒன்று, கடவுச்சொல் மேலாளரின் ஃபைல், மூன்றையும் திறந்து பார்ப்பேன். பத்து நிமிடம் ஆகும். வேறு கணினி என்பது முக்கியம். உங்கள் லேப்டாப்பிலேயே பார்த்தால், சாவி எங்காவது சேமிப்பிலிருந்து வந்து தானாகத் திறந்துவிடும். அது சோதனை ஆகாது.

மூடிவைத்த லேப்டாப் திருடுபோனால் பாதுகாப்பா?

மூடினால் அது தூங்கத்தான் செய்கிறது. தூங்கும்போது சாவி ராம் நினைவகத்தில் இருக்கிறது. மின்சாரம் நின்ற பிறகும் ராமில் தகவல் சில நொடிகள், குளிர்வித்தால் இன்னும் அதிக நேரம் தங்கும் என்று 2008-ல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சாதாரணத் திருடன் இதையெல்லாம் செய்ய மாட்டான். பயணத்தின்போது மட்டும் முழுவதுமாக அணைத்துவிடுங்கள்.

டிஸ்க்கில் ஓரிடம் கெட்டால் குறியாக்கத்தால் எல்லாமே போய்விடுமா?

போகாது. கெட்ட இடத்தில் இருந்தது மட்டும்தான் போகும், குறியாக்கம் இல்லாத டிஸ்க்கைப் போலவே. விதிவிலக்கு, சாவிப் பெட்டி இருக்கும் தலைப்பகுதி. வெராக்ரிப்ட் அதன் நகல் ஒன்றைத் தானே வைத்துக்கொள்கிறது. லக்ஸ் பற்றி மேலே சொன்னேன்.

பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும் விற்கும்போதும்?

கொடுக்கும் முன் பேக்கப். மதர்போர்டு மாற்றினால் டிபிஎம் மாறும், மீட்புச் சாவி கேட்கும். சேமிப்பு போர்டோடு பற்றவைத்த மாடல்களில் போர்டு போனால் தகவலும் போனதுதான். திரை மாற்றுவதற்கு உங்கள் கடவுச்சொல் தேவையே இல்லை, கேட்டால் கொடுக்காதீர்கள்.

விற்கும்போது குறியாக்கம் வேலையை எளிதாக்குகிறது. சாவியை அழித்துவிட்டால் மீதி வெறும் இரைச்சல். ஆனால் பல ஆண்டு பயன்படுத்திய பிறகு 'பயன்பட்ட இடத்தை மட்டும்' என்ற தேர்வில் பிட்லாக்கர் போட்டிருந்தால், அதற்கு முன் அழித்த ஃபைல்களின் மிச்சம் வெற்றிடத்தில் பூட்டப்படாமல் இருக்கலாம். பழைய லேப்டாப் என்றால் முழு டிஸ்க் என்பதையே தேர்ந்தெடுங்கள்.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் எப்படித் திறப்பார்கள்?

இதைத் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள், பெரும்பாலும் கடைசியில். குறியாக்கம் போட்ட பிறகு இதற்கு வழி செய்யாவிட்டால் வழியே கிடையாது. எந்தக் கடைக்காரராலும் எந்த நிறுவனத்தாலும் முடியாது.

ஒட்டிய உறை ஒன்று. உள்ளே லேப்டாப்பின் மீட்புச் சாவி, வெளி டிஸ்க்கின் கடவுச்சொல், கடவுச்சொல் மேலாளரின் கடவுச்சொல், டிஸ்க் எந்த அலமாரியில் இருக்கிறது என்ற குறிப்பு. கணினி தெரியாதவர் படித்தாலும் புரியும்படி, 'நீல நிற டிஸ்க்கைச் செருகு, ஃபார்மேட் கேட்டால் வேண்டாம் என்று சொல், அப்புறம் வெராக்ரிப்ட்டைத் திற' என்ற அளவுக்கு எளிமையாக. உறையின் மேல் தேதி. என் உறையை ஒருநாள் மனைவியிடம் கொடுத்து, நான் பக்கத்தில் இல்லாமல் திறக்கச் சொன்னேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். சுழியத்தை ஓ என்று படித்திருக்கிறார், என் கையெழுத்து அப்படி. இப்போது சுழியத்துக்குள் ஒரு குறுக்குக் கோடு போட்டுத்தான் எழுதுகிறேன்.